ஜெராக்ஸில் காணாமல் போன டிராயர்: ஒரு மரநாய்க்குட்டி வண்ணம் பெற்ற கதை

முதல் தாள் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது நொங்கு அம்மணமாக நின்றான். லேப்டாப் திரையில் அவனுக்குப் பளிச்சென்ற ஊதா உடம்பு, இலைப்பச்சை டிராயர். தாளில் இரண்டும் ஒரே சாம்பல். டிராயர் எங்கே முடிகிறது, தொடை எங்கே தொடங்குகிறது என்று வரைந்த எனக்கே தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? அன்று மாலை முழுக்க சிரிப்புதான், ஒரு எழுத்துகூட ஓடவில்லை.

நொங்கு ஒரு மரநாய்க்குட்டி. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் மாலை வாசிப்பு வகுப்புக்காக நான் கணினியில் உருவாக்கிய கதாபாத்திரம். மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாய் விட்டேன், ஏழு வாரம் ஆனது. அந்த நான்கு வாரம் எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழந்தைகளுக்குப் படம் போடும் மற்றவர்களுக்கு நான் கொட்டிய நேரத்தில் பாதியாவது மிஞ்சட்டும்.

யாருக்கு, எதற்கு

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். தாலுகா சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இது வேறு. பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்து, 1956இல் கேரளம் அமைந்தபோது அதோடு வந்த மண். வீட்டுப் பேச்சு அன்றும் இன்றும் தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். ஆனால் கடைப் பலகை மலையாளம், ரேஷன் கார்டு மலையாளம், கரண்ட் பில் மலையாளம். சில பள்ளிகளில் தமிழ் வழி வகுப்பும் மலையாள வழி வகுப்பும் ஒரே வராந்தாவில் நடக்கும். பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் இருக்கிறது, கண்ணில் படுவதில்லை. எங்கள் சிக்கல் இதுதான்.

வாசிப்பு வகுப்பை நடத்துபவர் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். எனக்கும் ஒன்றாம் வகுப்பில் அவர்தான் டீச்சர். அதனால் வேலை கொடுத்த விதமே வேறு மாதிரி.

“கம்ப்யூட்டர்ல படம் போடறேன், படம் போடறேன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லுது. எங்க பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை போட்டுக் குடு பாக்கலாம்.”

சரிங்க டீச்சர் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கூலியும் பேசினோம். தொகையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும்.

தேவை மூன்று. எழுத்து அட்டைகள், இவை வண்ணத்தில் அச்சாகும். வாராவாரம் கொடுக்கும் பயிற்சித் தாள்கள், இவை ஜெராக்ஸ். அம்மாக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு ஸ்டிக்கர்கள். பின்னால் வகுப்புச் சுவரில் ஓர் ஓவியம் என்று நான்காவதும் வந்து சேர்ந்தது. ஒரே உருவம் திரையிலும் அச்சிலும் ஜெராக்ஸிலும் சுவரிலும் பிழைக்க வேண்டும். இந்த நான்கையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அழகான ஒரு மரநாயைத் திரையில் வரைந்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஏன் மரநாய்

யானை, மயில் இரண்டையும் டீச்சரே வேண்டாம் என்றார். “யானையைப் போட்டா அது எல்லார் வீட்டு யானையும்தான்.” எங்கள் ஊர் பனைமரமும் தென்னைமரமும் கள்ளுக்கடையும் நிறைந்த ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் அது அரசு உரிமம் பெற்ற தொழில். மரத்தில் கலயம் கட்டினால் அதைத் தேடி வரும் முதல் விருந்தாளி மரநாய். இரவில் ஓட்டுமேல் ஓடும், கலயத்துக்குள் மூஞ்சியை விடும், கோழிக்கூட்டையும் எட்டிப் பார்க்கும். கெட்ட பெயர் அதிகம். அதே சமயம் பழம் தின்று கொட்டையை ஊர் முழுக்கப் பரப்புகிற நல்ல காரியமும் அதனுடையதுதான். எல்லா வீட்டுப் பிள்ளையும் இரவில் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கும், ஆனால் சரியாகப் பார்த்திருக்காது. கதாபாத்திரத்துக்கு இதைவிட நல்ல இடம் உண்டா?

முதல் ஓவியத்தில் அவன் கழுத்தில் ஒரு சின்னக் கலயம் தொங்கவிட்டேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒன்னாங்கிளாஸ் பிள்ளைக்குக் கள்ளுக்கலயமா?” பதநீர்க் கலயம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கலயம் போன இடத்துக்கு நொங்கு வண்டி வந்தது. நொங்கு தின்று முடித்த இரண்டு வெற்றுக்காயைக் குச்சியால் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடுவோமே, அதே வண்டி. இந்த மாற்றம் கட்டாயத்தில் வந்ததுதான் என்றாலும், உருவத்துக்குக் கிடைத்த பெரிய லாபம் அது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரும் அங்கிருந்தே பிறந்தது. மரநாய்க்கு மலையாளத்தில் மரப்பட்டி. தமிழில் பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம், மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மரப்பட்டி அங்கே ஒரு வசவுச் சொல்லும்கூட. பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் திட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இனப் பெயரை ஒட்டி எதுவும் வைக்க முடியாது. நொங்கு என்றால் தமிழ்ப் பிள்ளைக்கும் புரியும், பக்கத்து வகுப்பு மலையாளப் பிள்ளைக்கும் புரியும். “நொங்கெடுத்துருவேன்” என்ற மிரட்டலும் ஞாபகம் வரும், வரட்டும். எழுத்தில் நுங்கு என்றல்லவா எழுத வேண்டும் என்று நான்தான் இழுத்தேன். டீச்சர், “பேருக்கு இலக்கணம் பாக்காதே, கூப்பிடற மாதிரி எழுது” என்று முடித்துவிட்டார். எழுத்து அட்டையில் ‘ங்’ வரும் இடத்தில் எல்லாரும் சங்கைப் போடுவார்கள். எங்களுக்கு அந்தக் கவலையும் தீர்ந்தது.

வாலில் வளையம்

குறிப்புக்காகப் படங்களைத் தேடி வைத்துக்கொண்டு, கிரிட்டாவில் கோட்டு ஓவியம் தொடங்கினேன். கிரிட்டா இலவச மென்பொருள். ஒரு பழைய லேப்டாப்பும் பேனா டேப்லெட்டும் போதும். ஓரளவு திருப்தியான ஒரு படத்தைப் பனையேறும் அப்பாருவிடம் காட்டினேன். அவர் வயதுக்கு எத்தனையோ மரநாயை மரத்தின் உச்சியில் முகத்துக்கு முகம் பார்த்தவர்.

“ஏனம்மிணி, மரநாய்க்கு வால்ல வளையம் எங்கிருந்து வந்துச்சு? அது புனுகுப்பூனையல்லோ.”

உண்மை. வாலில் கறுப்பும் வெளுப்புமாக வளையம் இருப்பது புனுகுப்பூனை. மரநாயின் வால் ஒரே கருநிறம். முகத்தில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி மாதிரி ஒரு பட்டை, முதுகில் மூன்று வரிசையாகக் கறும்புள்ளி, மற்றபடி சொரசொரப்பான சாம்பல் உடம்பு. நான் தேடி எடுத்த படங்களில் பாதி வேறு விலங்கு.

இதே சமயத்தில் வகுப்புக்கு உதவ வரும் கல்லூரிப் பையன் ஒருவன், “அக்கா, ஏஐ-ல போட்டா ரெண்டு நிமிசம்” என்று ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். வண்ணமெல்லாம் ஜோராக இருந்தது. ஆனால் அது ரக்கூன். முகமூடி, வளைய வால், கைவிரல் எல்லாம் அப்படியே அமெரிக்காவிலிருந்து இறங்கியது. அப்பாருவிடம் அதையும் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வளையம் போனது. மூன்று வரிசைப் புள்ளியையும் மூன்றே மூன்று புள்ளியாகக் குறைத்தேன். விலங்கைத் தப்பாகக் காட்டக் கூடாது, அதற்காக உயிரியல் பாடப்புத்தகமும் ஆகக் கூடாது. எதை விட்டால் அது மரநாய் இல்லை என்று ஆகிவிடுமோ அதை வைத்துக்கொண்டேன். முகமூடி, கருவால், முதுகுப் புள்ளி. மற்றது என் இஷ்டம்.

அளவில் ஒரு சங்கடம். குழந்தை முகத்தின் அடையாளங்களை, அதாவது உடம்புக்குப் பெரிய தலை, முகத்தில் தாழ்ந்து அமைந்த பெரிய கண், உப்பிய கன்னம், கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதி வைத்தார். அவற்றைப் பார்த்ததும் நமக்கு அள்ளிக்கொள்ளத் தோன்றும் என்பது அவர் கருத்து. குழந்தைகளுக்கான உருவங்களெல்லாம் இன்றுவரை அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. மரநாய்க்கோ நீண்ட மூக்கு. மூக்கைக் குறைத்தால் பூனை ஆகிறது, குறைக்காவிட்டால் கீரி ஆகிறது. கடைசியில் மொத்த உயரம் இரண்டரைத் தலை அளவே வரும்படி தலையைப் பெரிதாக்கி, மூக்கைப் பாதியாக்கி, நுனியை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். அந்தத் தூக்கல்தான் அவனுக்கு ஒரு திமிரைக் கொடுத்தது.

அப்புறம் நிழலுருச் சோதனை. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பிள்ளைகளிடம் காட்டினேன். பூனை, பெருச்சாளி, கரடிக்குட்டி என்று பதில் வந்தது. வண்டியைச் சேர்த்துக் காட்டியதும் எல்லாரும் ஒரே குரலில் “நொங்கு வண்டி!” என்றார்கள். இரண்டு உருண்டைச் சக்கரமும் சாய்ந்த குச்சியும் எந்த அளவிலும் தெரிந்தன. கலயம் அங்கே இருந்திருந்தால் வயிற்றோடு ஒட்டி ஒரு கறும்பிண்டமாகத்தான் தெரிந்திருக்கும். டீச்சருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நேரில் சொல்லவில்லை.

ஊதாவில் விழுந்தது

இப்போது அந்த ஜெராக்ஸ் கடைக்கு வருவோம்.

மரநாயின் உண்மை நிறம் சாம்பல். குழந்தைகளுக்குச் சாம்பலா என்று எனக்குத் தோன்றியது. பெயர் நொங்கு, நொங்கின் தோல் கருஊதா, அப்படியானால் உடம்பும் ஊதா. யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. உடம்புக்கு 140, 70, 200 என்ற ஊதா. முகமூடிக்கு 50, 30, 60. டிராயருக்கு 60, 140, 60 என்ற பச்சை. இவை திரையின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. திரையில் நொங்கு தீபாவளி மத்தாப்பு மாதிரி ஜொலித்தான்.

ஒரு நிறம் கறுப்பு வெள்ளையில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. சிவப்பின் அளவில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11, மூன்றையும் கூட்ட வேண்டும். நம் கண் பச்சைக்கு அதிகமாகவும் நீலத்துக்குக் குறைவாகவும் மசிவதால் இந்தப் பங்கு. என் ஊதாவுக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 105 வருகிறது. பச்சை டிராயருக்கு 107. அதாவது நிறத்தில் வடதுருவமும் தென்துருவமும், வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஜெராக்ஸ் மெஷினுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

முகத்தில் இன்னும் மோசம். முகமூடி கறுப்பு, கண்மணி கறுப்பு, சுற்றிலும் கருத்த உடம்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறும்பள்ளம். வகுப்பிலேயே சின்னவள், “நொங்கு தூங்கறான்” என்றாள்.

அச்சுக்கூடத்திலும் ஒரு அடி விழுந்தது, தப்பு முழுக்க என்னுடையது. மாதிரிக்கு நான்கு அட்டை அடித்துப் பார்க்கத் திரைக்கான கோப்பை அப்படியே அனுப்பியிருந்தேன். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சோ நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையைத் தாளில் பூசி ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. திரையில் ஜொலிக்கும் சில ஊதாவையும் பச்சையையும் அந்த நான்கு மையால் தொடவே முடியாது. என் மத்தாப்பு ஊதா வெளியே வந்தபோது சட்டையில் பட்ட நாவல்பழக் கறை மாதிரி இருந்தது. கிரிட்டாவில் அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே ஒத்திகை பார்க்கும் வசதி இருக்கிறது. இருப்பது தெரியும். போடவில்லை.

அன்றிரவு எல்லா நிறத்தையும் அணைத்தேன். கோட்டு ஓவியத்துக்கு மேல், கீழே உள்ளதையெல்லாம் சாம்பலாக்கிக் காட்டும் ஒரு ஃபில்டர் லேயரை (படத்தின் மேல் அடுக்கும் ஒரு படலம்) நிரந்தரமாகப் போட்டுவிட்டு, வெறும் கறுப்பு வெள்ளையில் நொங்கை மறுபடி கட்டினேன். எங்கே மிக இருட்டு, எங்கே மிக வெளிச்சம், நடுவில் எத்தனை படி என்று ஐந்து படி மட்டும். அந்த ஐந்தும் சரியாக நின்ற பிறகுதான் ஃபில்டரை விலக்கி நிறம் தேடினேன்.

நிறத்தை வண்ணச் சக்கரத்தில் தேடவில்லை, வெளியே போய்த் தேடினேன். எங்கள் தாலுகாவில் கரிசல் மண் உண்டு. கேரளத்தில் கரிசல் இந்தப் பக்கம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி எல்லாவற்றின் மேலும் ஒரு மங்கலான மணல் சாம்பலைப் பூசிவிடும். அந்தப் புழுதிச் சாம்பல்தான் உடம்புக்குச் சரியென்று பட்டது. 214, 196, 168. வெளிச்சக் கணக்கில் 198. உண்மை மரநாய்க்கும் கிட்டே வந்துவிட்டோம். ஆசைப்பட்ட நொங்குத்தோல் ஊதாவை உடம்பிலிருந்து எடுத்து முகமூடி, வால், புள்ளி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றுக்குக் கொடுத்தேன். 62, 38, 72. வெளிச்சம் 49. கறுப்புக்குப் பதில் அது நின்றதால் முகம் கடுகடுப்பு இல்லாமல் இருந்தது. வயிற்றுக்கும் கண்ணுக்கும் நொங்குச் சுளையின் பால்வெள்ளை, வெளிச்சம் 240. டிராயருக்குப் பழுத்த பனம்பழத்தின் உள் ஆரஞ்சு, 156. வண்டிக் குச்சிக்கும் சக்கரத்தின் காம்புப் பக்கத்துக்கும் ஓலைப்பச்சை, 117. சாம்பலாக்கிப் பார்த்தால் 49, 117, 156, 198, 240 என்று படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், எந்த வகுப்பிலும் இருக்கலாம். ஆரஞ்சும் பச்சையும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வெளிச்ச வேறுபாடு கைகொடுக்கும்.

நடுவில் ஒரு துண்டு விவகாரம். தோளில் ஆரஞ்சுத் துண்டு போட்டால் ஊர்க்களை வரும் என்று நினைத்தேன். பார்த்தவுடனே ஒருவர், “காவியா, அம்மிணி?” என்றார். சிவப்பாக்கினால் ஒரு கட்சி, பச்சையாக்கினால் ஒரு கட்சி, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. கட்டம் போட்ட துண்டு எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் கட்டம் வரைவது சாமானியமில்லை, சின்ன அளவில் அது அழுக்கு மாதிரிதான் தெரியும். துண்டே வேண்டாம் என்று ஆரஞ்சை டிராயருக்குக் கொடுத்தேன். ஆரஞ்சு டிராயருக்கு இதுவரை எந்தக் கட்சியும் உரிமை கோரவில்லை.

கண் பிரச்சினை மட்டும் தீரவில்லை. கரு முகமூடிக்குள் கருங்கண். கண்வெள்ளையைப் பெரிதாக்கினேன், பேயடித்தவன் மாதிரி ஆனான். கண்மணிக்குள் வெண்புள்ளியைப் பெரிதாக்கினேன், அழுகிறவன் மாதிரி ஆனான். மூன்று நாள் இதே வேலை. அப்போது டீச்சர் கோட்டு ஓவியத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்தார். ஒரு சிறுமி முகமூடி முழுவதையும் ரோஸ் கிரேயானால் அழுத்தித் தேய்த்திருந்தாள். கிரேயான் முனை தடிமனாக இருந்ததால் கண்ணோரம் வரை போகப் பயந்து, கண்ணைச் சுற்றி ஒரு வளையம் வெள்ளையாகவே விட்டிருந்தாள். தாள் அடுக்கிலேயே அந்த ஒரு நொங்குதான் விழித்துக்கொண்டிருந்தான்.

அந்த வளையத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். முகமூடிக்கும் கண்ணுக்கும் நடுவில் பால்வெள்ளையில் ஒரு மெல்லிய வட்டம். அவ்வளவுதான். ஜெராக்ஸின் ஜெராக்ஸிலும் கண் தெரிகிறது.

கோடும் நிழலும்

அதே கிரேயான் தாள்கள் இன்னொன்றும் காட்டின. என் கோடு மிக மெல்லியது. ஏ4 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் திறந்தால் 2480க்கு 3508 பிக்சல். அதில் 4 பிக்சல் கோடு என்பது தாளில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் ஜெராக்ஸிலேயே அறுந்துவிடுகிறது. வெளிக்கோட்டை 14 பிக்சலாக, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவும், உள்கோட்டை 8 பிக்சலாகவும் ஆக்கினேன். கிரேயான் நுழைய முடியாத சந்து எல்லாவற்றையும் மூடினேன். விரலை நான்கிலிருந்து மூன்றாக்கினேன். கோடு எங்கும் விட்டுப்போகாமல் மூடியிருந்தால் கணினியில் நிறம் நிரப்புவதும் ஒரே தட்டில் முடிகிறது. இல்லாவிட்டால் நிறம் ஓட்டை வழியே ஒழுகித் தாள் முழுக்கப் பரவும். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரும் ஒரு முறையாவது அந்த வெள்ளத்தைப் பார்த்திருப்பார்கள்.

நிழலுக்கு ஒரே ஒரு படி. தட்டை நிறத்துக்கு மேல் ஒரு லேயர், அதை மல்டிப்ளை முறையில் (கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் முறை) வைத்து, வெளிறிய ஊதாவால் தாடைக்கடியிலும் வயிற்றோரத்திலும் ஒரு தீற்று. சாம்பலாலோ கறுப்பாலோ நிழல் போட்டால் உடம்பு அழுக்கேறியது போல ஆகிவிடும். மெல்ல மெல்ல மங்கும் நிழல் திரையில் அழகுதான். ஜெராக்ஸில் அது சொறி. ஆகவே நிழல்களைத் தனிக் குழுவாக வைத்து, பயிற்சித் தாளுக்கு அந்தக் குழுவை மொத்தமாக அணைத்துவிடுகிறேன்.

ஸ்டிக்கர் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. வாட்ஸ்அப் கேட்பது 512க்கு 512 பிக்சல், வெப்பி கோப்பு, 100 கேபிக்குள். கரும்பின்னணியில் வால் மறையாமல் இருக்கச் சுற்றிலும் 8 பிக்சல் வெள்ளைக் கரை. தட்டை நிறமாக இருந்ததால் கோப்பின் எடையும் பிரச்சினையாகவில்லை.

உரிமை பற்றி இரண்டு வரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். டீச்சருக்கும் எனக்கும் நடுவில் ஒப்பந்தமா என்று வெட்கமாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வகுப்புகள் எல்லாவற்றுக்கும் இலவசம், விற்கும் பொருளில் போட்டால் என்னைக் கேட்க வேண்டும். டீச்சர் அதிலும் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தினார்.

வால் பக்கம் பார்த்துத் திரும்புவது

வளையத்தை எடுத்த பிறகு வால் வெறுமையாக இருந்தது. சும்மா தொங்கியது. எழுத்து சொல்லித் தரும் பையன்தானே என்று வாலை ‘உ’ வடிவில் சுருட்டினேன். டீச்சருக்கு முதல் தடவையாக முகம் மலர்ந்தது. பிள்ளைகள் காற்றில் விரலால் வாலை வரைந்தார்கள். எழுதச் சொல்லாமலே எழுதினார்கள். சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி எழுத்தச்சன் மடம் இருக்கிறது. விஜயதசமிக்கு அங்கே பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து தொடங்கி வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மரநாயின் வால்.

பெருமை இரண்டு நாள்தான் நின்றது. நொங்கு வலப்பக்கம் பார்த்து நிற்கிற படத்தை, இடப்பக்கம் பார்க்க வேண்டிய அட்டைக்காகக் கணினியில் அப்படியே புரட்டிப் போட்டேன். எல்லாரும் செய்கிற வேலைதான், ஒரு பொத்தான். புரட்டியதும் ‘உ’ கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிவிட்டது. வளர்ந்தவர்களுக்கு அது ஒரு வால். எழுத்தின் திசையே இன்னும் பிடிபடாத ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தவறாகச் சொல்லிக் கொடுத்த ஓர் எழுத்து.

வாலையே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் பிள்ளைகள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஆகவே புரட்டுவதை நிறுத்தினேன். இடம் பார்க்கும் நொங்கைத் தனியாக, வாலின் ஆரம்பத்தை உடம்புக்குப் பின்னாலிருந்து எடுத்து, ‘உ’ நேராக வரும்படி புதிதாக வரைந்தேன். நேர்முகமாக நிற்பது ஒன்று, பின்புறம் காட்டி வண்டி தள்ளுவது ஒன்று. நான்கு நிலைக்கும் வால் தனி லேயர். மாதிரித் தாளின் அடியில் சிவப்பில் பெரிதாக எழுதினேன்: ‘படத்தைப் புரட்டாதே.’ ஏழு வாரத்தில் ஒன்றரை வாரம் இந்த வாலுக்குப் போனது. போகட்டும், எனக்கு வருத்தமில்லை.

கடைசியாகச் சுவர். வகுப்பின் வாசலுக்கு இரண்டு பக்கமும் நொங்கு வேண்டும் என்று முடிவானது. பெயின்ட் கடையில் ஐந்து நிறத்தையும் கலக்கி வாங்கினோம். வெயில் விழும் சுவரில் ஊதா சீக்கிரம் வெளுத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதால், முகமூடிக்கு மட்டும் காவிக்கல் கலந்த கரும்பழுப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தோம். வெளிச்சப் படி மாறாததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுவர் வரைய வந்த அண்ணன் கைதேர்ந்தவர். நான் கொடுத்த உருவத்தை அட்டையில் வெட்டிக்கொண்டு, ஒரு பக்கம் வரைந்து முடித்ததும் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்தார். துவாரபாலகர் மாதிரி எதிரும் புதிருமாக நிற்க வேண்டாமா? நான் அன்று ஊரில் இல்லை. மாதிரித் தாள் என் பையில் இருந்தது.

மறுநாள் மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இடப்பக்கச் சுவரருகே கூட்டம். ரோஸ் கிரேயான் சிறுமி சுவரில் விரல் வைத்து, “டீச்சரே, நொங்கு வால் தப்பா எழுதியிருக்கான்” என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்துவரப் போனார்.

வாலை மட்டும் வெள்ளையடித்து, காய்ந்த பிறகு நேராக வரைந்தோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பழைய வால் அடியில் லேசாகத் தெரியும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடித்துக் காட்டுவது இப்போது அங்கே ஒரு விளையாட்டு.